ரிஜெக்ட் டப்பாவில் கிடக்கும் பாடம்

ஒரு பட்டறைக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று முதலாளியைக் கேட்டால், "நல்ல ஆபரேட்டரா ரெண்டு பேர் குடுங்க சார், போதும்" என்பார். அங்கே வேலை செய்யும் பையன்களைக் கேட்டால், "சி.என்.சி. புரோகிராமிங் சொல்லிக் குடுங்க சார்" என்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொள்வேன். ஆனால் பாடத்தை முடிவு செய்வது வேறு இடத்தில். மெஷினுக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்ட் அடித்த டப்பா ஒன்று இருக்கும். ரிஜெக்ட் ஆன ஜாப்களைப் போடுவது அதில்தான். அதைத் தரையில் கவிழ்க்கச் சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். விட்டம் குறைந்தது, நீளம் கூடியது, கீறல் விழுந்தது, த்ரெட் கெட்டது என்று குவியல் குவியலாகப் பிரித்தால் எது பெரிய குவியல் என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டறையின் சிலபஸ் அந்தக் குவியல்தான்.

நான் குடியிருப்பது நவி மும்பையின் சான்பாடாவில். டூல்ரூமிலும் இன்ஸ்பெக்‌ஷனிலும் காலம் தள்ளிவிட்டு, இப்போது அளவெடுப்பதும் டிராயிங் படிப்பதும் சொல்லிக்கொடுப்பதே வேலையாகிவிட்டது. பக்கத்தில் துர்பே. அங்கிருந்து மகாபே, ரபாலே, ஐரோலி, திகா என்று தானே பக்கம் நீளுகிற டி.டி.சி. தொழிற்பேட்டை; மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்.ஐ.டி.சி. 1960-களில் உருவாக்கத் தொடங்கியது. முதலில் வந்தவை ரசாயன ஆலைகளும் மருந்து ஆலைகளும். இன்று அதே சாலையில் ஐ.டி. கட்டடங்களும் டேட்டா சென்டர்களும் நிற்கின்றன. இந்தப் பெரிய மதில்களுக்கு இடையில், நாலு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, பம்ப் ஷாஃப்டும் வால்வு ஸ்டெம்மும் கடைந்து பிழைக்கும் சின்னக் கூடங்கள் ஏராளம். இங்கே அவற்றைக் காலா என்போம். தாராவியில் தகரக் கூரையின் கீழ் வேலை கற்று, இங்கே வந்து சொந்தக் காலா போட்ட தமிழர்களும் உண்டு.

அப்படி ஒரு காலாவில் பம்ப் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. 316 ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். ஸ்லீவ் உட்காரும் இடத்தில் விட்டம் 25 மில்லிமீட்டர், டாலரன்ஸ் சின்ன எச் 7. அதாவது 25-க்கு மேலே போகவே கூடாது, கீழே 21 மைக்ரான் வரை இறங்கலாம். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். ராத்திரி ஷிஃப்டில் ஆபரேட்டர் அளந்தபோது எல்லாம் ஓ.கே. காலையில் இன்ஸ்பெக்டர் அளந்தால் பாதி ஜாப் அளவுக்குக் கீழே. இவன் மைக்ரோமீட்டர் கெட்டது என்று அவரும், அவர் வேண்டுமென்றே தள்ளுகிறார் என்று இவனும் வாரக் கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். மைக்ரோமீட்டர் இரண்டையும் ஸ்லிப் கேஜில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரி.

இவன் மெஷினிலிருந்து கழற்றிய சூட்டோடு அளந்திருக்கிறான். அங்கேதான் கோளாறு. 316 ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 16 மைக்ரான் விரியும். விட்டம் 25 மில்லிமீட்டர். ஜாப் அறைச் சூட்டை விட 25 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டால் 10 மைக்ரான் வருகிறது. டாலரன்ஸில் கிட்டத்தட்டப் பாதி! இந்தக் கணக்கை நான் போர்டில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அந்தப் பையனே, ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட் ஒன்றின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிப் பெருக்கினான். விடை வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. மே மாதத்தில் துர்பே காலாவில் 20 டிகிரியைக் கனவில்தான் காணலாம். ஆனாலும் ஜாபும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். சர்ஃபேஸ் பிளேட்டில் மாஸ்டர் பீஸுக்குப் பக்கத்தில் ஜாபை ஆறவிட்டு அளப்பது என்று வழக்கப்படுத்தினோம். புது மெஷின் வேண்டியிருக்கவில்லை, புது டூலும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காலாவில் குவியல் வேறு மாதிரி. அளவெல்லாம் துல்லியம், கீவே மட்டும் எதிர்ப்பக்கம். நம் நாட்டு டிராயிங்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்கக் கம்பெனி அனுப்பும் டிராயிங்கில் தர்ட் ஆங்கிள். வலப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றத்தை முந்தையதில் இடப்பக்கம் வரைவார்கள், பிந்தையதில் வலப்பக்கமே வரைவார்கள். எந்த முறை என்று சொல்வதற்காகவே டிராயிங்கின் மூலையில் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் போட்ட சின்னக் குறி இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. காலாவுக்கு வருவது பத்தாம் கை ஜெராக்ஸ், அதில் பெரும்பாலும் அந்த மூலையே கிழிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் ஐ.டி.ஐ.யில் சொல்லித்தரவில்லையா என்று கேட்பீர்கள். தருகிறார்கள். ஃபிட்டருக்கும் டர்னருக்கும் இரண்டு வருஷப் படிப்பு, புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் காலாவில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவர்கள். ஹெல்பராக வந்து, பார்த்துப் பார்த்து ஆபரேட்டர் ஆனவர்கள். கை நன்றாக ஓடும், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. இவர்களுக்கு மறுபடி இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார நேரமும் கிடையாது, வீட்டில் வசதியும் கிடையாது.

பம்பாயில் தொழிற்கல்வி இப்படித் தொழிலைவிட்டு விலகித் தொடங்கவில்லை. இன்று மாட்டுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ. 1887-இல் பைகுல்லாவில் பிறந்ததே பஞ்சாலைகளுக்கு ஆள் தயார் செய்யத்தான். ஆலை முதலாளி தின்ஷா பெட்டிட் இடம் கொடுத்து உதவினார். மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கும் நெசவுத் தொழில்நுட்பமும் அங்கே முதல் பாடங்கள். 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது, நம்மவர்கள் அங்கே இட்லிக் கடையும் பஜனை சமாஜும் வைத்து வேர் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில். பிறகு பட்டம், மேற்பட்டம் என்று உயர்ந்து போனது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குப் பெஞ்ச் போடுகிற வேலையை அடுத்து யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.

தேடினால் ஹார்பர் லைனிலேயே சில இடங்கள் அகப்படும். சான்பாடாவுக்கு அடுத்த ஸ்டேஷன் வாஷி, அங்கே ஃபாதர் ஆக்னல் வளாகத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது. செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2011-இல் தொழிற்கல்விக்கென்று தனிப் பள்ளி தொடங்கியது, வேலை செய்துகொண்டே பி.வோக். படிக்கிற முறையில். குர்லா தாண்டிச் சுன்னாபட்டியில் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம். அதே வளாகத்தில் டாட்டா கூட்டோடு கட்டிய இந்திய திறன் நிறுவனத்தை 2024 அக்டோபரில் பிரதமர் திறந்து வைத்தார். இந்தப் பக்கம் நெரூலில், 1932-இல் மாட்டுங்காவில் தமிழர்கள் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ்., பேக்கேஜிங் தொழிலுக்கென்றே ஒரு பள்ளியும் சோதனைக்கூடமும் நடத்துகிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த மாதிரி இந்தக் கடைசிதான். அட்டைப்பெட்டி செய்கிறவர் தன் பெட்டியைச் சோதிக்க வருகிற இடமும், மாணவன் படிக்கிற இடமும் ஒன்று. தொழிலின் கஷ்டம் தானாக வகுப்புக்குள் வந்துவிடுகிறது.

எல்லா இடமும் அப்படி இல்லை. ஒரு கல்லூரியில் நல்ல சி.என்.சி. லேத் ஒன்று பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றதைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். டூல் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவார்கள். காலாவில் ஷிஃப்ட் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. படிக்க வேண்டியவனும் படிப்பு சொல்லும் மெஷினும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத ஏற்பாடு இது. ராத்திரி எட்டரைக்கும் வாராந்திர விடுமுறையன்றும் ஒர்க்‌ஷாப் திறந்திருந்தாலே பாதி வேலை நடந்துவிடும் என்பது என் கட்சி. வாத்தியாருக்கு ஓவர்டைம் கொடுங்கள், கொடுக்காமல் ஏன் வரப்போகிறார்?

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு நமக்கு அந்நியமும் இல்லை. 1996-இல் சென்னையில் மயிலை உயர்மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. லயோலா கல்லூரி முதல்வராக இருந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். படிப்பை இடையில் விட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது, பக்கத்திலுள்ள தொழில்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துப் பாடம் வகுப்பது, படிக்கும்போதே வேலையிடத்துக்கு அனுப்புவது என்பவை அதன் வழிமுறை. 2013-14 வாக்கில் யு.ஜி.சி. இதையே நாடெங்கும் ஒரு திட்டமாக்கியது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1961 முதல் மாநிலத் தொழில்நுட்பக் கல்லூரிகள், புதுத் தொழிற்சாலை வரும்போதே அதற்கு ஆள் பழக்கும் வேலையை ஏற்றுக்கொண்டன. 1994-இல் அங்கே கார் தயாரிக்கத் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. நமக்கு பி.எம்.டபிள்யூ. வேண்டாம், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் காலாவுக்கு ஒரு வாத்தியார் வந்தால் போதும்.

முதலாளிகளின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுப்பீய சார். அடுத்த மாசம் பக்கத்து காலாக்காரன் ஆயிரம் ரூவா கூடத் தாரேம்பான், இவன் போயிருவான். எனக்கு என்ன லாபம்?"

அவர் சொல்வது உண்மை, போவார்கள். நியாயமான கூலி கொடுத்தால் கொஞ்சம் குறையும், நிற்காது. பழக்கும் செலவு இவருக்கு, பலன் பக்கத்துக் காலாவுக்கு என்றால் எந்த வியாபாரியும் பழக்க மாட்டார். எல்லோரும் அப்படியே இருந்தால் பேட்டை முழுக்க ரிஜெக்ட் டப்பா நிரம்பும். அதனால்தான் இந்தச் செலவைப் பொதுவான ஒன்று, கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ தொழிற்சங்கமோ, சுமக்க வேண்டும் என்கிறேன். தனி முதலாளியின் மனசை நம்பி இது நடக்காது. அண்ணாச்சியிடம் நான் தத்துவம் பேசவில்லை. போன மாசம் தள்ளிப்போன ஷாஃப்ட் எத்தனை, ஒன்றுக்கு மெட்டீரியல் எவ்வளவு, மெஷின் மணி எவ்வளவு என்று அவரையே கூட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்துவிட்டு டீ சொன்னார்.

எத்தனை நாளில் கற்றுக்கொடுக்கலாம் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லாத ஒரு வழக்கு உண்டு. கோவையில் 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, எஞ்சினியரிங் படிப்பை நாலு வருஷம் இழுப்பது வீண், பாதியில் முடிக்கலாம் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகியும் விட்டார். அவர் பாதி சரி. டிராயிங் குறி, டாலரன்ஸ் அட்டவணை, சூட்டுக் கணக்கு எல்லாம் சில வாரத்தில் ஏறிவிடும். மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை மட்டும் அவசரத்துக்கு வராது. ராட்செட் இருக்கும்போதே திம்பிளைப் பிடித்து இறுக்கி, வேண்டிய அளவை வரவழைக்கிற கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜீரோ பார், முகத்தைத் துடை, ராட்செட்டை மட்டும் திருப்பு, மூன்று கிளிக், நிறுத்து. சொல்ல ஒரு நிமிஷம். அது தானாக வருவதற்கு ஒரே ஜாபை மூன்று பேர் தனித்தனியாக அளந்து, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் மூன்று விடை வரும், சண்டை வரும். அந்தச் சண்டை நின்று மூன்று பேரும் ஒரே அளவை எழுதுகிற நாள்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. முதலாளிக்குப் பொறுமை போய்விடும், பரவாயில்லை.

காலா வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அப்ரென்டிஸ் சட்டம் 1961-ஆம் வருஷத்தது. 2019-இல் திருத்திய விதிப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அப்ரென்டிஸ் எடுப்பது கட்டாயம். நாலு பேர் இருக்கும் இடமும் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரென்டிஸ் ஊக்கத் திட்டத்தில் அப்ரென்டிஸின் மாத உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 2016 முதல் உள்ள இரட்டைப் பயிற்சி முறையில் தியரியை ஐ.டி.ஐ.யும் பிராக்டிகலைத் தொழிற்சாலையும் பகிர்ந்துகொள்ளலாம். இதைப் பற்றிப் பக்கத்து ஐ.டி.ஐ. பிரின்சிபாலிடம் போய்க் கேளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், உங்கள் ரிஜெக்ட் டப்பாவிலிருந்து பத்து ஜாப் எடுத்துப் போய் அவர் மேஜையில் வையுங்கள்.