துவக்கு என்றாலே பயப்படுகிற ஊரில், ஒரு விளையாட்டைப் பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். திட்டுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

வன்னியில் ‘துவக்கு’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். 1990 ஒக்டோபரில் எங்கள் ஆக்கள் உடுத்த உடுப்போடு முல்லைத்தீவை விட்டு வெளியேறியது அந்தச் சொல்லுக்குப் பயந்துதான். 2009 வரை இந்த மண்ணிலேயே இருந்த தமிழ் உறவுகள் அதனால் இழந்ததைச் சொல்லி முடிக்க ஏலாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு முஸ்லிம் வாத்தியார் இந்தச் சொல்லை முகநூலில் எழுதுவதென்றால் இரண்டு தரம் யோசிக்கத்தான் வேண்டும். நாங்களும் யோசித்தோம். யோசித்த பிறகுதான் எழுதுகிறோம்.

காரணம், பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்வி. 2024 ஓகஸ்டில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 50 மீற்றர் ரைபிளில் வெண்கலம் எடுத்ததை அவர்கள் தொலைபேசியில் பார்த்திருக்கிறார்கள். “சேர், இந்த விளையாட்டை எங்கட பக்கம் பழக ஏலாதா?” என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு தாய், “வாயக் கழுவு!” என்று மகளை அதட்டினார். அந்தத் தாயின் பயம் நியாயமானது. பிள்ளைகளின் கேள்வியும் நியாயமானது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் அது என்ன சாமான் என்று பார்ப்போம். குசாலே சுட்டது .22 என்கிற சின்ன ரைபிள். குழலின் வாய் 5.6 மில்லிமீற்றர். ரவை முழுதாக ஒரு அங்குல நீளம். அதன் முனையில் இருக்கிற ஈயக் குண்டு இரண்டரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. பெரிய ரவைகளில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் இருக்கும். இதில் அடி விளிம்பைச் சுற்றி உள்ளே பூசியிருப்பார்கள். ஊசி விளிம்பில் தட்டினால் பற்றும். இப்போது உலகம் முழுக்கப் பாவிக்கிற .22 ரவை 1887 இல் அமெரிக்காவில் வந்தது. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மற்ற ரவைகளை விட மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதை இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களின் கையில் முதலில் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் சின்னது என்று அலட்சியம் கூடாது. மேலே பார்த்துச் சுட்டால் அந்தக் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழும்.

போட்டியில் குறிப்பலகை 50 மீற்றர் தூரத்தில். எங்கள் நூறு மீற்றர் ஓட்டப் பாதையில் சரிபாதி. அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி தருகிற நடுவட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒரு சேர்ட் பொத்தான் அளவு. முழங்காலில் இருந்து 20, படுத்து 20, நின்று 20 என்று 60 சூடு. இதற்குத் தம்பி முறையானது எயார் ரைபிள். அதில் வெடிமருந்தே கிடையாது, காற்றழுத்தம்தான். தூரம் 10 மீற்றர்; பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் பொட்டு. பேனை முனையால் ஒரு குத்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

எங்களில் பலருக்கு எயார் ரைபிள் அறிமுகமானது புத்தளத்தில், பெருநாள் கார்னிவல்களில். பலகையில் வரிசையாக பலூன், முன்னால் பழைய எயார் கன். அந்தக் கன் ஒன்றும் நேராகச் சுடாது. எங்கள் நாநா ஒரு வித்தை வைத்திருந்தார். முதல் சூட்டைப் பலூனுக்கு அடிக்க மாட்டார். பலகையில் ஒரு புள்ளியைப் பார்த்து அடித்து, குண்டு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். பிறகு அந்த அளவுக்கு மற்றப் பக்கம் விலத்திக் குறி வைப்பார். நாலு சூட்டுக்கு நாலு பலூன். கடைக்காரர் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அகதி முகாம் வாழ்க்கையில் எங்களுக்குக் கிடைத்த சின்னச் சின்னச் சந்தோசங்களில் அதுவும் ஒன்று.

பிறகு பல வருடம் கழித்து, ஆசிரியர்கள் நாலு பேராக, அனுமதி பெற்ற ஒரு சுடுதளத்துக்குப் போய் .22 ரைபிளைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது. முதல் அரை மணித்தியாலம் ரவையே தரவில்லை. பயிற்றுநர் நாலு விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே நினை. சுடக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. சுட முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. இந்த நாலையும் நாங்கள் ஒப்புவித்த பிறகுதான் ஐந்து ரவை எண்ணித் தந்தார்.

சந்தோசம் எங்கே இருக்கிறதென்றால், மூச்சில்தான். மூச்சை எடுத்து, பாதி விட்டு, அந்த இடைவெளியில் நிற்கவேண்டும். அப்போது நெஞ்சு அடிப்பது குழலின் நுனியில் தெரியும். விசையை இழுக்கக் கூடாது, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடித்தது என்று எங்களுக்கே தெரியக் கூடாது. அந்த நேரத்தில் சம்பளம், கடன், வகுப்புச் சத்தம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. வெடித்த பிறகும் அசையாமல் ஒரு கணம் அப்படியே இருக்க வேண்டும். 

ஐந்து சூடு முடிந்து தாளைக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் எங்களுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். ஒருவருடைய ஐந்து ஓட்டையும் ஒரே இடத்தில் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு இடப்பக்கம். இன்னொருவருடையது நாலு பக்கமும் சிதறல். ஒன்று மட்டும் சரியாக நடுவில். யார் நன்றாகச் சுட்டது? நாங்கள் எல்லோரும் இரண்டாமவரைக் காட்டினோம். பயிற்றுநர் சிரித்தார். “முதலாமவருக்கு ரைபிளின் குறியைத் திருத்தினால் போதும். மற்றவர் தன்னைத் திருத்த வேணும்” என்றார். நாநா கார்னிவலில் செய்ததும் இதே கணக்குத்தான். விஞ்ஞான பாடத்தில் அளவீட்டு வழுவை நாங்கள் எத்தனை தரம் படிப்பித்திருக்கிறோம்! ஒரு தாளும் ஐந்து ஓட்டையும் அதை ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்திவிட்டன.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் சுற்றின் நடுவில் ஒரு உடும்பு சாவகாசமாகச் சுடுதளத்துக்குள் இறங்கியது. “நிறுத்து!” என்று ஒரு சத்தம். எல்லோரும் விசையை விட்டு, போல்ட்டைத் திறந்து, ரவையை எடுத்து, ரைபிளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றோம். அந்த உடும்பு மறுபக்கம் போய்ச் சேரும்வரை ஒருவரும் ரைபிளைத் தொடவில்லை. வன்னியில் பிறந்தவர்களுக்கு, துவக்கோடு நிற்கிற ஆக்கள் ஒரு உடும்புக்காகக் காத்திருப்பது புதினமான காட்சி.

எங்கள் மார்க்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதினம் இல்லை. அம்பெய்யப் பழகும்படி நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியது எல்லோருக்கும் தெரியும். உயிருள்ள எதையும் குறிப்பலகையாக வைப்பதை அவர்களே தடுத்திருக்கிறார்கள். பகிடிக்குக் கூட ஒரு சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்றும் கண்டித்திருக்கிறார்கள். சுடுதளத்தில் அந்தப் பயிற்றுநர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று கேட்பீர்கள். ஓடவோ பாயவோ தேவையில்லாத, முழுக்கை அங்கியோடு ஆடுகிற விளையாட்டு இது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டின் கொடியைப் பிடித்து வந்த பஹியா அல்-ஹமத், ஹிஜாப் அணிந்த எயார் ரைபிள் வீராங்கனை. அதே ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். எங்கள் நாட்டின் தெஹானி எகொடவெலவும் டோக்கியோவுக்குப் போய்வந்தவர். பெலன் அல்ல, பொறுமைதான் இதில் கணக்கு.

இனி வயல் கதைக்கு வருவோம். பன்றியும் குரங்கும் மயிலும் யானையும் எங்கள் விவசாயிகளைப் படுத்துகிற பாடு சொல்லத் தேவையில்லை. இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிகள் காடாகிப் போனதில் நாங்கள் அதை நன்றாகவே அனுபவித்தோம். .22 ரைபிள் இதற்குப் பதில் இல்லை. அந்தச் சின்னக் குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட பன்றி ஆளைக் கிழிக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்தோடு கொடுப்பது சொட்கன். அதற்கு மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இழுபடும், அலைய வைக்கும், ஆனாலும் அதுதான் வழி. 1916 ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம்.

அந்த அலைச்சலுக்குப் பஞ்சிப்பட்டுத்தான் சிலர் இடியன் துவக்கும், கட்டுத்துவக்கும், பன்றிவெடியும் பாவிக்கிறார்கள். இவற்றில் மோசமானது எது தெரியுமா? கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. கம்பியில் தட்டுப்பட்டது பன்றியா, மாடா, விறகு பொறுக்கப் போன மனிசனா என்று அது பார்க்காது. பன்றிவெடியைக் கடித்த யானைக்குட்டி வாய் கிழிந்து, தின்ன ஏலாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும். சுடுதளத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. சுடுவதா விடுவதா என்று தீர்மானிப்பதும் அவர், பதில் சொல்வதும் அவர். கட்டுத்துவக்கில் சுடுகிற ஆளே இல்லை. நாங்கள் பயப்பட வேண்டியது அந்தக் குறிப்பலகை விளையாட்டுக்கு அல்ல, இதற்குத்தான்.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இதுதான். சுடப் பழகுவது என்றால், முக்கால்வாசி சுடாமல் இருக்கப் பழகுவது. மிதிவெடி அபாயத்தைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபோது, “தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களிடம் சொல்” என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அது உயிர்களைக் காப்பாற்றியது. அந்தக் கட்டுப்பாட்டின் அடுத்த வகுப்புத்தான் இந்த விளையாட்டு.

யாரும் ஊருக்குள் துவக்கு வாங்கச் சொல்லவில்லை. தயவுசெய்து வாங்க வேண்டாம். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர்மாரிடம் நாங்கள் கேட்க வேண்டியது, பூட்டுப் போட்ட ஒரு மண்டபம், பத்து மீற்றர் தூரம், அரசாங்க அனுமதியுள்ள பயிற்றுநர், அவருடைய பொறுப்பில் நாலைந்து எயார் ரைபிள். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று, ஒரே கட்டளைக்கு ஒன்றாக ரைபிளைக் கீழே வைக்கப் பழகட்டும். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கதைப்போம். எதிர்ப்பு இருந்தால் அதையும் கேட்போம்.

அதற்கு முதல், காட்டோரத்தில் கட்டுத்துவக்கு வைத்திருக்கிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். யார் எவர் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு இருட்டுப்பட முதல் அதைக் கழற்றி எடுத்துவிடுங்கள். நாளைக்குக் காலையில் அந்தப் பாதையால் யார் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.