இரண்டு ஹாக்கள்



எங்கள் மதரஸாவில் பார்வையற்ற மாணவர் ஒருவர் ஓதுகிறார். பிறர் ஓதக் கேட்டே அவர் மனனம் செய்கிறார். அவர் வீட்டில் கேட்பதற்காக நான் கைப்பேசியில் ஓதிப் பதிந்து அனுப்புவது வழக்கம். ஒருநாள் அவர் தயங்கியபடியே, "ஹஜரத், ஃபாத்திஹாவில் 'அர்ரஹீம்', 'இஹ்தினா' இரண்டிலும் ஒரே ஹாவாகக் கேட்கிறதே" என்றார்.

தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே 'ஹ'தான். அரபியிலோ முன்னது தொண்டையின் நடுவிலும், பின்னது அதன் அடியிலும் பிறக்கும் வெவ்வேறு எழுத்துகள். கைப்பேசி இரைச்சலை அகற்றும்போது மூச்சொலியையும் அகற்றிவிடுகிறது என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அதை நானும் நம்பினேன்.

நல்ல ஒலிவாங்கி ஒன்றையும், அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றையும் வாங்கினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி இணைத்தேன், ஓசையே வரவில்லை. கண்டென்சர் வகை ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது பிறகே தெரிந்தது. கணினி அமைப்பில் உள்ளீட்டுக் கருவியையும் மாற்றினேன். குரல் உயரும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது; அவ்விடத்தில் ஒலி சிதைகிறது என்று பொருள். எரியாத அளவுக்கு கெய்ன் குமிழைக் குறைத்தேன். கணினி வழியாகத் திரும்பி வந்த என் குரல் சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்து ஓதலைக் குழப்பியது. நேரடியாகக் கேட்கும் வசதியைக் கருவியில் இயக்கியதும் அத்தாமதம் நீங்கிற்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓதினேன்.

பதிவைக் கேட்டபோது மூச்சு இழுப்பது கூடத் தெளிவாக இருந்தது. அதே தெளிவோடு என் பிழையும் இருந்தது. வசனத்தின் தொடக்கத்தில் சரியாக வந்த ஹா, மூச்சு குறையும் இறுதியில் தளர்ந்து மற்ற ஹாவாகவே ஒலித்தது. கைப்பேசி குற்றமற்றது.

வெட்கத்தோடு என் உஸ்தாதை நேரில் கண்டு ஓதிக் காட்டினேன். "தராவீஹில் விரைந்து ஓதிப் பழகியதால் வந்தது. மூச்சை மிச்சம் வைத்து நிறுத்து" என்றார். பல நாட்கள் சிறு குழந்தையைப் போல அந்த ஓர் எழுத்தையே ஓதிப் பதிந்து கேட்டேன்.

பின்னர் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "நீங்கள் கேட்டது சரி, பிழை என் நாவுடையது. பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள்" என்று அந்த மாணவரிடம் சொன்னேன். புதிய பதிவை அவர் காதில் பொருத்திக் கேட்டார். முடிந்ததும், "இப்போது இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன ஹஜரத்" என்றார்.

நான் ஓதியதைக் கேட்டு, அப்படியே தொழுகையில் ஓதிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ! நம் பிழைகளை நமக்குக் காட்டித் தருபவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.