இருபது நாள் வேலை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள். நாங்கள் வீடு கட்டவில்லை, தோழியரே! இருந்த வீட்டோடு ஒரு கழிப்பறையைச் சேர்த்தோம். ஒரு பழைய சுவரைச் சீர் செய்தோம். அதற்கே வைகாசியில் தொடங்கிய வேலை ஐப்பசி பிறந்த பிறகும் முடிந்தபாடில்லை.

நாங்கள் என்றால் அக்கா, தங்கை, தம்பி என மூவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு கோம்பையில், மேற்கே மலையைப் பார்த்த தெருவில் உள்ள பழைய ஓட்டு வீடு. பங்குனிக் கடைசியில் ஒருநாள் இரவு, கொல்லைப்புறக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போன அப்பத்தா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. "இனி வாக்கர் வைத்துத்தான் நடக்க வேண்டும், படி ஏறக்கூடாது, கழிப்பறை அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு தயாராகும்வரை அப்பத்தா உத்தமபாளையத்தில் அத்தை வீட்டில் இருப்பதென்று முடிவாயிற்று.

கொத்தனார் வந்து பார்த்தார். "இருபது நாள் வேலை" என்றார். பள்ளி திறப்பதற்குள் அப்பத்தா வீட்டில் இருப்பார் என்று நாங்களும் விரல் விட்டு எண்ணினோம்.

கடைக்கால் போட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பியது. அதன்பின் கொத்தனாரைக் காணோம். சின்னமனூரில் ஒரு மாடி வீட்டு வேலையைப் பிடித்துக்கொண்டாராம். கைபேசியில் அழைத்தால் "நாளைக்கு" என்பார். மறுநாள் அழைத்தால் எடுக்கமாட்டார். சித்தாள் அக்காவோ ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டார். விடியுமுன் ஜீப்பில் மலையேறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். தினமும் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு எங்கள் வீட்டு அரைச்சுவருக்காகக் காத்திருக்க அவரால் முடியுமா? அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கொத்தனார்மேல் மட்டும் வந்தது.

அப்பா தோட்ட வேலை முடிந்து வருவதற்கே இருட்டிவிடும். அதனால் எங்களால் ஆனதை நாங்களே செய்யத் தொடங்கினோம். மணல் சலித்தோம். ஆடிக்காற்று அடித்த நாளில் சலித்த மணலில் பாதி எங்கள் கண்ணிலும் மீதி அடுத்த வீட்டுக் குழம்பிலும் விழுந்தது. கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு சேர்ந்தே இறுகுகிறது. குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள் ஈரம் விடாமல் காக்க வேண்டும். இதைக் கேட்டதும் தம்பி, "அப்படியானால் கொத்தனார் வராததும் நல்லதுதான்" என்றான். அம்மா முறைத்தார்.

ஞாயிறுதோறும் பேருந்தேறி அப்பத்தாவைப் பார்க்கப் போவோம். "எப்பத் தாயி வீடு ஆகும்?" என்பார். "ஆயிருச்சு அப்பத்தா, கொஞ்சந்தான் பாக்கி" என்போம். அது பொய். அப்படிப் போன ஒரு ஞாயிறன்றுதான் சணல் கயிற்றால் அவருடைய வாக்கரை அளந்து பார்த்தோம். அகலம் 2 அடிக்கு ஓர் அங்குலம் மேல். கொத்தனார் வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியோ 2 அடிதான்! அன்று மாலையே அப்பா உளியும் சுத்தியலும் எடுத்தார். நல்ல வேளை, மேலே லிண்டல் போட்டிருக்கவில்லை. நாங்கள் வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு வளர்த்த சுவரை நாங்களே உடைத்து 3 அடியாக்கினோம். பல் பிடுங்குவதைப் போல ஒவ்வொரு செங்கல்லாக வந்தது.

அடுத்தது படி. முன்வாசலில் மூன்று படிகள், மொத்தம் ஒன்றரை அடி உயரம். படிக்குப் பதில் சரிவு போட்டுவிடலாம் என்று நினைத்தோம். கணக்கு சிஸ்டரிடம் கேட்டபோது, வகுப்புக்கே அதைக் கணக்காகப் போட்டுவிட்டார். சக்கர நாற்காலிக்கும் வாக்கருக்கும் ஏற்ற சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. கோணம் ஏறத்தாழ 5 பாகை. அப்படியானால் ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். எங்கள் திண்ணைக்கும் சாக்கடைக்கும் நடுவே இருப்பதோ 5 அடி! பின்வாசலில் உயரம் அரை அடிதான்; அங்கே 6 அடி போதும். கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால் அப்பத்தாவிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாழ வந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாவா வருவேன்?" என்றார்.

உள்சுவர்க் கதையையும் சொல்ல வேண்டும். அப்பத்தா படுக்கும் அறையின் சுவர் அடியில் பூசியது பெயர்ந்திருந்தது. மீதியிருந்த சிமெண்டைக் குழைத்து நாங்களே பூசினோம். பளபளவென்று இருந்தது; எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தே நாளில் தட்டினால் 'டொக் டொக்' என்றது. பிறகு அப்பளம்போல மொத்தமாக விழுந்தது.

அடுத்த தெருவில் கொத்துவேலையை விட்டு ஓய்ந்துபோன தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் வந்து சுவரைச் சுரண்டி மோந்து பார்த்தார். "இது சுண்ணாம்புச் சுவர் பாப்பா. ஈரத்தை இழுக்கும், விடும். மேலே சிமெண்டைப் பூசி மூச்சை அடைச்சா எப்படி ஒட்டும்?" என்றார். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்ற வைத்தார். தண்ணீர் பட்டதும் அது உலைபோலக் கொதித்தது. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று தம்பியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். நீற்றியதைப் பல நாள் ஊறவிட்டு, மணலும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்து, மெல்லிய பூச்சாகப் பூசக் கற்றுக்கொடுத்தார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. பாடத்தில் சமன்பாடாக எழுதியது எங்கள் சுவரிலேயே நடந்தது.

"எவ்வளவு நாள் தாத்தா ஆகும்?" என்று அவசரப்படுத்தினோம். அவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் பென்னிகுயிக் படத்தைக் காட்டினார். முல்லைப் பெரியாறு அணையும் கல்லும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கொண்டு கட்டியதுதானே! 1887இல் தொடங்கி, போட்ட தடுப்புகளை வெள்ளம் கொண்டுபோகப் போக மறுபடி போட்டு, 1895இல் முடித்தார்கள். "அதுக்கே எட்டு வருசம்" என்றார் தாத்தா. எங்கள் கவலை அவருக்குத் தெரியாது. ஆடியோடு அப்பத்தா "வீடு எப்ப ஆகும்?" என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். ஆவணியில், தம் கோழிகள் மூன்றையும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அனுப்பினார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. நாங்களும் பேசவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் சின்னமனூருக்குப் போய், கொத்தனார் வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சண்டை போடவில்லை, அவர் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்த வாரம் லிண்டலும் கூரையும், அடுத்த வாரம் தரையும் சரிவும் முடிந்தன. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓட்டைப் பக்கம் ஓடுகிறதா என்று நாங்கள் பார்த்தபோது கொத்தனாருக்குக் கோபம். ஓடியது. பனைமட்டையின் நுனியை நசுக்கி வெள்ளையடித்தது நாங்களே. உள்ளங்கைத் தோல் உரிந்து, ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஆட்டோவில் அப்பத்தா வந்தார். பின்வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்து, முன்வாசலில் போடும் பெரிய கோலத்தை அங்கே போட்டுச் செம்மண்ணும் இட்டிருந்தோம். சரிவின் அடியில் வாக்கரை ஊன்றி நின்று, வெகுநேரம் பார்த்தார்.

"செம்மண் யாரு இட்டது? கோணலா இருக்கு" என்றார். பிறகு ஏறினார்.

கழிப்பறைக்கு இன்னும் கதவு வரவில்லை. அம்மாவின் பழைய சேலைதான் தொங்குகிறது. கொத்தனார் நாளைக்குக் கொண்டு வருகிறாராம். கோழிகளை மறுநாள் காலையிலேயே அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி வந்தோம். மூன்று கொடுத்திருந்தோம், இரண்டுதான் வந்தன.