புறாமலையில் ஒரு பாடம்

மலைநாட்டில், கண்டியில் வாழும் நமக்குக் கடல் என்றாலே தனி ஆசை. பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு வேனில் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டித் திருகோணமலை, அங்கிருந்து நிலாவெளி. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். அனுமதிச்சீட்டு எடுத்துப் படகில் போனோம்.

நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். ஸுப்ஹானல்லாஹ்! சூரத்துர் ரஹ்மானில் முத்தோடு சேர்த்துக் கூறப்படும் 'மர்ஜான்' என்ற சொல்லுக்குப் 'பவளம்' என்று பொருள் சொல்லிவிட்டு வகுப்பில் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன். பவள இனத்தை உயிரோடு கண்டது அன்றுதான்.

திடீரெனக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதறிப்போய்க் கால் ஊன்றினேன். காலடியில் ஏதோ நொறுங்கியது.

"மௌலவி, மிதிக்காதீங்க! அது கல்லில்லை, உயிர்!" என்று கத்தினார் படகோட்டி.

உண்மைதான். எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. பாறை போன்ற வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீற்றர் அளவே வளரும். மீன் குஞ்சுகளுக்கு அது தொட்டில், கரைக்கு அரண். 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் முருகைக் கற்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. கடலின் சூட்டைத் தணிப்பது நம் ஒருவர் கையில் இல்லை. நம் கால் நம் வசம்தானே!

சகோதரிகளே, நீங்களும் போவதானால் மிதவைச் சட்டை அணியுங்கள். மணல் உள்ள இடத்தில் கண்ணாடியைப் பழகிய பிறகே பவளத்தின் பக்கம் செல்லுங்கள். காலைத் தொங்கவிடாமல் படுத்தவாறே மிதந்து செல்லுங்கள். மீன்களுக்குப் பாண் போடாதீர்கள். வெயிலுக்குப் பூசும் சில கிரீம்களின் இரசாயனம் பவளத்துக்குத் தீங்கு என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கிறது. உடலை மறைத்து உடுத்தும் நம் பெண்களுக்கு அந்தப் பூச்சு அதிகம் தேவைப்படாது, அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும் நேரம் மகளின் பையில் ஒரு வெள்ளைப் பவளத்துண்டு இருந்தது. கரையில் பொறுக்கியதாம், வீட்டு ஷோகேஸுக்காம். "பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது மகள். இது அமானிதம்" என்றேன். மறுபேச்சின்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்:

"வாப்பா, நீங்க உடைச்சதை எப்படித் திருப்பி வைப்பீங்க?"

கண்டி வந்து சேரும் வரை என் நாவில் இஸ்திக்ஃபார்தான் இருந்தது.