சீனத்துக்குப் போன ரப்பர்

எட்டியாந்தோட்டை
14.09.2025

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேராதனையில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விலையைத் தீர்மானிப்பது கேள்வியும் நிரம்பலும் என்று விரிவுரையில் சொன்னார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் ஏற்றுமதிக்கு 44 வீதத் தீர்வை என்றது, ஜூலையில் 30 என்றது, ஆகஸ்டில் 20 என்று நிறுத்தியது. இது வரைபடத்தில் எந்த இடத்தில் வரும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அந்த நாலு மாதத்தில் நம் தோட்டங்களில் மரங்கள் கூடிக் குறையவில்லை. மாறியது வாஷிங்டனில் இருப்பவர்களின் மனசு மட்டும்தான்.

பாடம் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யார் யாருக்கு விற்கலாம், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகலாம், எந்த வங்கி எந்தப் பணத்தை வாங்கலாம் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் உன்னுடைய இரண்டு கோடுகளும் சந்திக்கின்றன. அந்த முடிவு சந்தையில் எடுக்கப்படுவதில்லை. இதற்கு நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கதை இருக்கிறது.

உன் அப்பாயி பால் வெட்டுக்குப் பேர் பதிந்த காலத்தில் கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. விடியுமுன்னே பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், இருள் பிரியும்போதே முதல் மரத்தில் கத்தி வைத்தாக வேண்டும். பழைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டுப் பட்டையை மெல்லிசாகச் சீவி இறக்க வேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்படும், கங்காணி ஏசுவார். குறைந்தால் பால் வராது, நிறுவை காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்தாலோ பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும். அன்றைக்கு வெட்டும் இல்லை, பேரும் இல்லை. அம்மா இதைச் சொல்லும்போது வலது கை தானாகவே வளைந்து இறங்கும்.

அந்தப் பாலுக்கு யார் எப்படி விலை வைத்தார்கள் பார். கொஞ்சம் முன்னால் இருந்து தொடங்குகிறேன். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைக்க மிஞ்சிய பெரிய இடம் இலங்கை. கேள்வி எக்கச்சக்கம், நிரம்பல் சொற்பம். உன் பாடப்படி விலை எங்கேயோ போயிருக்க வேண்டும். போகவில்லை. நாடு பிரித்தானியர் கையில் இருந்தது. விலையை அவர்களே கட்டி வைத்தார்கள். மரம் தாங்குமா என்று பாராமல் பால் வெட்டித் தள்ளினார்கள். அந்த யுத்தத்திலேயே அமெரிக்கா அரசுப் பணத்தில் செயற்கை ரப்பர்த் தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டது. இனி எங்கள் மரங்களுக்காக அவர்கள் தவித்து நிற்கத் தேவையில்லை என்றாகிவிட்டது.

1950இல் கொரிய யுத்தம் மூண்டதும் அமெரிக்கா கையிருப்புக்காக ரப்பரை வாங்கிக் குவித்தது. விலை ஏறியது. குவித்து முடிந்ததும் விழுந்தது. 1952இல் நம் நாட்டுக்கு இரண்டு பக்கமும் அடி. விற்கிற ரப்பர் மலிவு, வாங்குகிற அரிசி கிராக்கி. சோற்றுக்கு வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த நாடு இது. அமெரிக்காவிடம் போய்க் கேட்டார்கள். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள்.

அந்தச் சந்தை விலை எப்படி வந்தது? 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்குப் போர்த் தளவாடச் சரக்குகளை விற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. உலகின் பெரிய ரப்பர் விளைநிலங்களில் ஒன்றான மலாயா பிரித்தானியர் ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்து சீனாவுக்கு ஒரு ஷீட்டும் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். வாங்க ஆசைப்பட்ட ஒரு பெரிய வாடிக்கையாளனைக் கடைக்குள் விடாமல் கதவைச் சாத்திவிட்டு, மற்றவர்கள் கேட்ட விலையைச் 'சந்தை விலை' என்றார்கள்.

இலங்கை அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை. ஏன் தெரியுமா? நாம் அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை. விண்ணப்பம் போட்டிருந்தோம், நாம் உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்று சந்தேகம் கிளப்பி சோவியத் யூனியன் தன் தடுப்பதிகாரத்தால் மறித்துக்கொண்டிருந்தது. 1955 டிசம்பரில்தான் உள்ளே போனோம். கம்யூனிஸ்ட் வல்லரசு நம்மை வெளியே நிறுத்தியதால், கம்யூனிஸ்ட் சீனாவோடு வியாபாரம் செய்ய நமக்கு வழி கிடைத்தது!

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தூதுக்குழுவோடு பீக்கிங் போனார். அவர் இருந்ததோ கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி அரசில். இரு நாடுகளுக்கும் இடையில் தூதரகம்கூடக் கிடையாது. அது 1957இல்தான் வந்தது. இருந்தும் 1952 டிசம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது. ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சீனாவுக்கு நம்மேல் பாசம் என்று நினைத்துவிடாதே. வேறு யாரும் விற்காத சரக்குக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

தண்டனை வராமலா போகும்? சீனாவுக்கு அப்படிப்பட்ட சரக்கு விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்று 1951இல் அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது. அதைக் காட்டி நமக்கு உதவியை மறுத்தார்கள். கந்தகம் விற்பதையும் நிறுத்தினார்கள். ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் பருவத்தில் இளந்தளிரில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அதற்குக் கந்தகத் தூள்தான் மருந்து. எங்கே கை வைத்தால் வலிக்கும் என்று தெரிந்து வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்தை அரசு எடுத்துக்கொண்டபோதும் இதே பாடம்தான். 1963இல் மறுபடி உதவியை நிறுத்தினார்கள். ஆனால் அரிசி - ரப்பர் ஒப்பந்தம் அசையவில்லை. புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை ஓடியது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. சின்ன நாடு சமர்த்தாகப் பேரம் பேசி ஜெயித்தது என்று பரீட்சையில் எழுதலாம். ஆனால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரிசி மானியம் கட்டுப்படியாகாது என்று அரசு முடிவு கட்டியது; முந்தின வருடங்களில் வந்து போன உலக வங்கிக் குழுவின் ஆலோசனையும் அதே பக்கம்தான். 1953 ஜூலையில் ஒரு கொத்து கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி கப்பலில் வந்தால் போதாது மகள், அது வீட்டுப் பானைக்கு என்ன விலையில் வருகிறது என்பது வேறொரு அரசியல்.

இரண்டாவது, மலையகத் தமிழரான நம் ஆட்கள். சிறுதோட்டம் வைத்திருந்த சிங்களக் கிராமத்தவர்களும் ரப்பர் வெட்டினார்கள். ஆனால் பெருந்தோட்டங்களில் கத்தி பிடித்தவர்கள் பெரும்பாலும் நாம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் குடியுரிமை போனது, 1949இல் வாக்கும் போனது. 1952 மே மாதத் தேர்தலில் நம் லயங்களில் வாக்குச் சீட்டு இல்லை. அதை எதிர்த்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தது. அந்த வருடமே டிசம்பரில், நாட்டைப் பட்டினியிலிருந்து காக்கும் சரக்கு என்று நம் கைப் பால் பீக்கிங் மேசையில் பேசப்பட்டது. 1964இல் வேறொரு மேசையில், இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில், நம்மையே எண்ணிப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அம்மாவின் தங்கை குடும்பம் இராமேஸ்வரம் கப்பலேறியது அந்தக் கணக்கில்தான்.

அதனால் அதிகாரம் என்றதும் வாஷிங்டனையும் பீக்கிங்கையும் மட்டும் பார்க்காதே. நாட்டுக்குள்ளேயும் ஒரு மேசை இருக்கிறது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன் வருடக்கணக்காகக் கிடந்தது. அமெரிக்கத் தடைக்குப் பயந்து வங்கிகள் கை வைக்கவில்லை. 2021 டிசம்பரில் மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். அதிலும் கொழுந்து பறிப்பவரிடம் யாரும் கேட்கவில்லை. 2022இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தோம். சர்வதேச நாணய நிதியத்திடம் போனோம். அங்கே பெரிய முடிவுகளுக்கு 85 வீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 வீதத்துக்கு மேல் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார், யார் வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது என்று தெரியும்.

மூன்றாம் வருடக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவதாக எழுதியிருந்தாயே, இதையே எடு. நூலகத்தில் 1952, 53ஆம் வருட ஹன்சார்ட் பார். கேள்வி, நிரம்பல் வரைபடத்தையும் போடு, விட்டுவிடாதே. ஆனால் அதற்குக் கீழே, அந்த விலைக்கு விற்கத் தடைபட்டிருந்தவர் யார், பேரம் பேசியவர் யார், பேசும்போது வெளியே நின்றவர் யார் என்று பெயர் சொல்லி எழுது. உன் விரிவுரையாளர் மறுத்தால், எந்த வாதத்தில் மறுக்கிறார் என்று எனக்கு எழுது. எனக்கும் படிக்க ஆசை.

தீபாவளிக்கு வரும்போது முதல் வரைவைக் கொண்டு வா. நான் திருத்துவது சிவப்பு மையில்தான், கோபித்துக்கொள்ளக் கூடாது. கைச்செலவுக்குப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா