திறப்பதற்கு முன் அறிதல்: அபிராமபுரத்தில் ஒரு பழைய கியர் பாக்ஸ்

சென்னையின் தென்புறத்தில் வண்டலூரை ஒட்டி ஆலை நடத்திய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்னும் பெயரில் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கலொட்டி உருவம் கொடுத்த அந்த இரண்டு கதவுக் கார், 948 சிசி எஞ்சினும் நான்கு கியர்களும் கொண்ட சிறிய குடும்பக் கார்தான். ஆயினும் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் நிறுவனம் ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. இரண்டுக்கும் கியர் பாக்ஸின் அடிப்படை அமைப்பு ஒன்றே என்பதால், ஹெரால்டின் கியர் கோளாறுகளை ஆராய்வது ஸ்பிட்ஃபயரின் கோளாறுகளையும் பெருமளவுக்கு அறிந்துகொள்வதாகும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடிய வரலாறும் இந்த உறவுக்குத் துணை நிற்கிறது.

மயிலாப்பூருக்கும் ஆழ்வார்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட அபிராமபுரத்தில் தனி வீடுகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்ட பின்னரும், போர்ட்டிகோக்களிலும் கார் ஷெட்டுகளிலும் உறை போர்த்தி நிறுத்தப்பட்ட பழைய கார்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. இவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதைவிட, கருவிப் பெட்டியுடன் வீட்டுக்கே வந்து வேலை செய்வதை விரும்புவதுண்டு. அதற்கு ஹெரால்டின் அமைப்பே இடம் தருகிறது. அதன் முன்புறம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்துகொள்வதால் எஞ்சினைச் சுற்றிலும் கை புகும். முன் இருக்கைகளையும் அவற்றிடையே உள்ள நடுமூடியையும் அகற்றினால், பள்ளமோ லிஃப்டோ இல்லாமல் காரின் உள்ளிருந்தே கியர் பாக்ஸை எடுத்துவிடலாம். ஆனால் எளிதில் எடுக்கலாம் என்பதாலேயே உடனே எடுத்துவிடும் ஆசையும் எழுகிறது. அந்த ஆசையை அடக்கி, திறப்பதற்கு முன்பே கோளாறின் இருப்பிடத்தை அறிந்துவிடுவதே இத்தொழிலின் உயர்ந்த திறன் என்பதைக் களத்தில் காணப்படும் ஒவ்வொரு நிலையும் உறுதி செய்கிறது.

கியர் பாக்ஸுக்குள் மூன்று தண்டுகள் முதன்மையானவை. எஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச் வழியாகப் பெறும் உள்வரும் தண்டு ஒன்று. அதனோடு எப்போதும் பற்கள் கோத்துச் சுழலும் கவுண்டர் ஷாஃப்ட் என்னும் துணைத் தண்டு மற்றொன்று. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் மெயின் ஷாஃப்ட் என்னும் முதன்மைத் தண்டு மூன்றாவது. இரண்டு, மூன்று ஆகிய கியர்களின் பற்கள் எந்நேரமும் கோத்தே இருக்கும்; கியர் மாற்றுவது என்பது, அவற்றுள் ஒன்றை மெயின் ஷாஃப்டோடு பூட்டுவதுதான். நான்காவது கியரில் உள்வரும் தண்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டப்படுவதால், துணைத் தண்டு சுமையின்றி வெறுமனே சுழல்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்தினால், பின்னர் சொல்லப்படும் சத்தப் பரிசோதனைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை உராய்வின் மூலம் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின் பூட்டும் ஏற்பாட்டுக்கு சிங்க்ரோமெஷ் என்று பெயர். அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1928இல் அறிமுகமான இந்த ஏற்பாட்டில், கூம்பு வடிவான பரப்பின் மீது ஒரு வெண்கல வளையம் அழுந்தி வேகத்தைச் சமப்படுத்துகிறது. ஹெரால்டில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டுமே இது உண்டு. முதல் கியருக்கு இல்லை. ஸ்பிட்ஃபயரிலும் 1970இல் வந்த நான்காம் வடிவத்தில்தான் முதல் கியருக்கு இது சேர்க்கப்பட்டது. ஆகவே, கார் உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் திணித்தால் பற்கள் அரைபடுவது இயல்பே; அதைக் கோளாறு என்று கொள்ளக்கூடாது. முதல் கியரும் ரிவர்ஸும் நேராக வெட்டப்பட்ட பற்களால் இயங்குவதால் அவற்றில் எழும் மெல்லிய முனகலும் அவ்வாறே இயல்பானது. புதிய கார்களை ஓட்டிப் பழகியவர்கள் முறையிடும் குறைகளில் சில, பழைய அமைப்பை அறியாமையால் எழுபவை என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் முதலிலேயே பிரித்துவிடுகிறார்.

‘கியர் விழ மாட்டேங்குது’ என்று உரிமையாளர் சொல்லும்போது செய்யப்படும் முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, நான்கு கியர்களையும் ரிவர்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தேவையானால் காரைச் சிறிது முன்னும் பின்னும் தள்ளிப் பற்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியர்களும் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால், குற்றம் பெரும்பாலும் கிளட்சில் இருக்கிறது. நின்றிருக்கும்போதே இறுகினால், குற்றம் கியர் ராடின் இணைப்புகளிலோ, கியர்களைத் தேர்ந்து தள்ளும் செலக்டர் போர்க்குகளிலோ இருக்கிறது. இரண்டாவது சோதனை ரிவர்ஸைக் கொண்டு செய்யப்படுவது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்சை முழுமையாக மிதித்துச் சில வினாடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் அது அரைபட்டால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பது உறுதியாகிறது.

கிளட்ச் விடுபடாமைக்கு அபிராமபுரம் போன்ற கடலோரப் பகுதியில் தனிக் காரணம் ஒன்றுண்டு. உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த ஊரில், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்பட்ட காரின் கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது பெடல் சரியாக அழுந்தியும் பயன் விளைவதில்லை. ஒட்டாத நிலையில், ஆராய்ச்சி ஹைட்ராலிக் அமைப்பின் பக்கம் திரும்புகிறது. பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அத்தள்ளலைப் பெற்று கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் குழாய் ஆகியவற்றில் கசிவு உள்ளதா, திரவத்தில் காற்று புகுந்துள்ளதா என்று பார்க்கப்படுகிறது. பெடலை விரைந்து பலமுறை அடித்தபின் கியர் விழுந்தால், காற்று புகுந்திருப்பதோ ரப்பர் சீல் தேய்ந்திருப்பதோ வெளிப்படுகிறது. பெடலை இணைக்கும் பின்னின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதும் இதே விளைவைத் தரும். சிறு துளையின் தேய்மானம் மிதியின் பயணத்தில் ஒரு பகுதியை வீணாக்கிவிடுவதால், சில ரூபாய்ப் பின்னை மாற்றித் தீர்க்க வேண்டிய குறைக்காக கியர் பாக்ஸையே இறக்கிவிடும் அவலம் நேர்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கியர் ராடு. ஹெரால்டில் அது கியர் பாக்ஸின் மேல் நேராக நிற்பதில்லை. ஒரு நீட்டுக் கூட்டின் பின்முனையில் நின்று, இணைப்புத் தண்டு வழியாகச் செலக்டர்களை அசைக்கிறது. அந்த இணைப்புகளில் உள்ள ரப்பர், நைலான் புஷ்கள் வயதாலும் வெப்பத்தாலும் நொறுங்கும்போது, ராடு நான்கு திசையிலும் ஆடுகிறது; எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை; சில நேரம் இரண்டாவது கியருக்குப் பதிலாக நான்காவது விழுகிறது. உள்ளே ஒரு பல்லும் தேயாத கியர் பாக்ஸ்கூட இதனால் கெட்டுவிட்டதாகத் தோன்றும். ஒரிஜினல் புஷ் கிடைக்காதபோது லேத் பட்டறையில் டர்னர் கடைந்து கொடுக்கும் புஷ்ஷே உதவுகிறது. அதன் அளவில் ஒரு நூலிழை மிகுந்தாலும் ராடு இறுகி, செலக்டர் போர்க்கின் மீது இடைவிடாத அழுத்தம் விழும் என்பதால், கடைபவரும் பொருத்துபவரும் சேர்ந்து அளவெடுப்பது இன்றியமையாததாகிறது.

வெளிப்புறம் சரியாக இருந்தால் மட்டுமே சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு இடமுண்டு. விரைந்து மாற்றும்போது மட்டும் இரண்டாவது கியர் அரைபட்டு, டபுள் கிளட்ச் முறையில், அதாவது நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்து மாற்றும்போது அமைதியாக விழுந்தால், சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், செலக்டர் தண்டைக் குழிவில் பிடித்து நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பூட்டும் பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம். மெயின் ஷாஃப்டிலுள்ள த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து, கியர்கள் முன்னும் பின்னும் நகரலாம். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் கியர் கழலும் என்பதால், மவுண்டிங்கை முதலில் பார்ப்பதே முறை. சத்தத்தின் வழி அறிவதும் இந்நிலையில்தான். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் எழும் சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. நியூட்ரலில் எழுந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கும் சத்தம் உள்வரும் தண்டின் பேரிங்கையோ துணைத் தண்டையோ சுட்டுகிறது. முதல் மூன்று கியர்களிலும் இரைந்து நான்காவதில் மட்டும் ஓய்ந்தால், துணைத் தண்டின் ஊசி பேரிங்குகளே காரணம் எனலாம். இந்த வகை கியர் பாக்ஸின் அறியப்பட்ட பலவீனமும் அதுவே.

எண்ணெயும் ஒரு சாட்சியாகும். ஒரு லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும் இந்த கியர் பாக்ஸில் சிறு கசிவும் விரைவில் கேடு விளைவிக்கும். வடித்த எண்ணெயில் பித்தளை நிறப் பொடி மின்னினால் சிங்க்ரோ வளையங்களும் புஷ்களும் தேய்கின்றன. காந்தத்தில் இரும்புத் துகள்கள் ஒட்டினால் பற்களோ பேரிங்குகளோ உதிர்கின்றன. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இந்நகரில், மழைநீரில் நின்ற காருக்கு இச்சோதனை கட்டாயமானது. ஜி.எல்.5 என்று குறிக்கப்படும் எண்ணெய் வகைகள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் செம்புக் கலவை உலோகங்களை அரிக்கக்கூடும் என்பதால், வெண்கல வளையங்கள் கொண்ட பழைய கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 வகையே பாதுகாப்பானது.

இத்தனை சோதனைகளுக்கும் பின்னரே கியர் பாக்ஸ் இறக்கப்படுகிறது. கழற்றிய பாகங்கள் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கப்படுகின்றன; செலக்டர் தண்டுகளைக் கழற்றும்போது துள்ளி விழும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் எண்ணி வைக்கப்படுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழாமல் தடுக்கும் பூட்டுப் பாகம் ஒன்று விடுபட்டாலும், ஓடும் வண்டியின் கியர் பாக்ஸ் இறுகி உடைந்துபோகும். சிங்க்ரோ வளையத்துக்கும் கியர் பற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டளவியால் அளக்கப்படுகிறது. வளையம் தேயத்தேய இந்த இடைவெளி குறையும். மாற்றுப் பாகங்களுக்காகப் புதுப்பேட்டைக் காயலான் கடைகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் தேடல் தொடங்குகிறது. அங்கே கிடைக்காதவற்றுக்கு, ட்ரையம்ஃப் பாகங்களை இன்றும் விற்கும் இங்கிலாந்துக் கடைகளை நாட வேண்டியிருக்கிறது.

இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் முழுமையாகத் தமிழில் எழுதப்படவில்லை; மேஸ்திரியின் அருகில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பையன்களின் காதிலும் விரலிலும்தான் அது தங்கியிருக்கிறது. ஆனால் கூலி, கழற்றிப் பூட்டிய வேலைக்கே தரப்படுகிறது. ஒரு காலை முழுவதும் ஓட்டியும் கேட்டும் ‘கியர் பாக்ஸைத் தொட வேண்டாம் சார், பெடல் பின்னை மாற்றினால் போதும்’ என்று சொல்பவருக்கு ஒரு பின்னின் விலையோடு சிறு தொகையே கிடைக்கிறது. வீண் செலவைத் தடுத்தவர் குறைவாகப் பெறுவதும், தேவையின்றித் திறந்தவர் மிகுதியாகப் பெறுவதும் நீதியன்று. அந்த வழக்கம் நீடித்தால், கண்டறியும் திறனை இளையவர் எவரும் கற்க முன்வர மாட்டார். பழைய கார் வைத்திருப்போர் கோளாறு கண்டறிவதற்கென்று தனிக் கூலி தர வேண்டும்; எந்தக் குறிக்கு எந்தக் காரணம் கண்டறியப்பட்டது, எந்த அளவு எடுக்கப்பட்டது என்பதை மெக்கானிக்கின் வாய்மொழியாகவே கேட்டு ஒரு நோட்டில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். கார்கள் எஞ்சுவதற்கு உதிரிப் பாகங்கள் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை இந்த எழுத்தும் இந்தக் கூலியும்.