ஸ்ரீமுஷ்ணம் போனோம், ஜாடியோடு!

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளை சேவிக்க வேண்டும் என்று என் மாமியாருக்கு ரொம்ப நாளாக ஆசை. பேத்தி பிறந்ததும் அது பிரார்த்தனையாகவே ஆகிவிட்டது. கிளம்புகிற அன்று பையைத் தூக்கினால் ஒரே கனம். பிரித்துப் பார்த்தேன். பழைய புடவைத் துணியில் சுற்றி, அவருடைய மாவடு ஜாடி!

கல்யாணத்துக்குச் சீராக வந்த ஜாடி அது. அடியில் மயிரிழையாக விரிசல் விட்டு, ஆறு மாதமாக உப்புத் தண்ணீர் கசிகிறது. எறிய அவருக்கு மனசில்லை.

"விருத்தாசலம் பக்கத்துலதானே இருக்கு. அங்கே பீங்கான் செய்யறாங்களாமே, சரி பண்ணித் தருவாங்களான்னு கேட்டுப் பார்க்கலாம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாள் சுயம்பு. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மேற்கு பார்த்து நின்றபடி முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். என்ன கம்பீரம்! வராகத்துக்குக் கிழங்கு பிடிக்குமல்லவா, அதனால் இங்கே கோரைக்கிழங்குப் பிரசாதம் விசேஷம். பூமியை மேலே தூக்கி வந்த பெருமாளைச் சேவித்துவிட்டு, மண் வேலை நடக்கிற ஊருக்கு பஸ் ஏறினோம்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கட்டைகள் என்று ஆளுக்கொரு சாமான் செய்கிறார்கள். நாங்கள் நுழைந்த இடத்தில் ஒரு அம்மா, தோசை மாவு பதத்தில் இருந்த களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உள்சுவரில் மண் ஏடு மாதிரி படிகிறது. மிச்சக் கூழை அப்படியே வாளியில் கவிழ்த்துவிட்டார். கத்தியால் சீவிய ஓரங்கள், காயும்போது மூக்குடைந்த பிள்ளையார் எல்லாம் அதே வாளிக்குத்தான் போகின்றன. ஊறவைத்துக் கரைத்தால் மறுபடி கூழ்!

"அச்சுத் துணுக்கு மட்டும் இதுல விழக்கூடாதும்மா. சூளையில அந்த இடம் பொரிஞ்சு வந்துடும்" என்றார்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கே ஒரு கதை உண்டு. 1956-ல் நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டு, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. ஒரு டன் கரிக்காக மேலேயிருந்து பல டன் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். வேண்டாம் என்று அள்ளிய அந்த மண்ணிலேயே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. கழுவிச் சுத்தம் செய்து பீங்கானுக்குக் கொடுத்தார்கள். கரியை எரித்த சாம்பலும் இன்று செங்கல்லாகிறது.

இத்தனையும் கேட்டதும் மாமியாருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஜாடியை எடுத்து நீட்டினார். அங்கிருந்த பெரியவர் விரலால் தட்டிப் பார்த்தார். 'ணங்' என்று வர வேண்டிய சத்தம் 'டொக்'கென்று வந்தது.

"மாவைக் கரைக்கலாம்மா. சுட்ட தோசையைக் கரைக்க முடியுமா?" என்றார்.

களிமண்ணில் இரண்டு விதமான நீர் இருக்கிறதாம். ஒன்று வெயிலில் காய்ந்துவிடும். மற்றது மண்ணோடு மண்ணாகக் கலந்திருப்பது. சூளையில் ஐந்நூறு, அறுநூறு டிகிரியில்தான் வெளியேறும். அது போனபின் எத்தனை ஊறவைத்தாலும் திரும்பக் களிமண்ணாகாது. ஆனால் சுட்ட ஓட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. பொடித்துப் புது மண்ணில் அளவாகச் சேர்த்தால் சுருக்கம் குறையும், சூடு தாங்கும். சூளைச் செங்கல்லுக்கும், சூளைக்குள் சாமான் அடுக்கும் பெட்டிகளுக்கும் நல்லது. அளவு மீறினால் மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். ஜப்பானில் மினோ என்ற இடத்தில் 1997-லிருந்து உடைந்த தட்டு, கிண்ணங்களைச் சேகரித்துப் பொடித்து, நூற்றுக்கு இருபது பங்கு கலந்து புதுத் தட்டுகளே செய்திருக்கிறார்கள். நம் ஊரில் உடைந்த கோப்பையை யார் கேட்டு வாங்குகிறார்கள்?

சகோதரிகளே, இதைக் கேட்டு வீட்டு அம்மியில் இடித்துப் பார்க்காதீர்கள்! அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பட்டறையில் அந்த அம்மா தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்ததன் காரணம் அதுதான். பீங்கான் துண்டைப் பழைய கண்ணாடி பாட்டில்களோடு சேர்த்தும் போடாதீர்கள். கண்ணாடியை உருக்கும்போது பீங்கான் உருகாமல் நின்று அதைக் கெடுத்துவிடும்.

"இன்னும் ஊறுகாய் போடறீங்களா இதுல?" என்று பெரியவர் கேட்டார். மாமியார் தலையாட்டினார், அசடு வழிய. நானும்தான். விரிசலுக்குள் உப்பும் புளிப்பும் இறங்கினால் எத்தனை தேய்த்தாலும் சுத்தமாகாது. அதைவிட, பழைய ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் சில சமயம் ஈயம் இருக்கும். புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அலங்காரத்துக்குச் செய்த கிண்ணங்களிலும் சாப்பாடு வைக்கக்கூடாதாம். என் மடியில் இருந்த குழந்தையை மாமியார் ஒரு நிமிஷம் பார்த்தார்.

பட்டறைக்கு வெளியே உடைசல் குவியல். அவரே போய், போடாமல், குனிந்து வைத்துவிட்டு வந்தார் ஜாடியை. கார்த்திகைக்கு ஒரு டஜன் அகல் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் ஜாடியின் மூடி!

"அது ஒண்ணும் விரிசல் விடலையே" என்றார். இப்போது மொட்டை மாடியில் காக்காய்க்குத் தண்ணீர் வைக்கிறார் அதில்.